களத்துக்கு எடுத்துச் செல்லும் ஹாம் கருவிகள்: வாட் கணக்கை விடக் கேட்கும் செலவே முக்கியம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேரிடர் காலத்தில் ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலி ஆற்றும் பணியைப் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்த கல்லூரி மாணவர்களும் தன்னார்வக் குழுவினரும், பையில் வைத்து எடுத்துச் செல்லக்கூடிய சிறிய டிரான்ஸீவர்களில் (பேசவும் கேட்கவும் உதவும் வானொலிக் கருவிகளில்) எதை வாங்கலாம் என்று என்னைப் போன்ற உரிமதாரர்களிடம் கேட்டு வருகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் முதலில் வினவுவது, கருவி எத்தனை வாட் என்பதைத்தான். விளம்பரங்களும் அந்த எண்ணைத்தான் பெரிய எழுத்தில் போடுகின்றன. ஆனால் மின்சாரம் போன ஓர் ஊரில், பேட்டரியை மட்டும் நம்பி இரவும் பகலும் இயங்க வேண்டிய கருவியைத் தேர்ந்தெடுக்க அந்தக் கேள்வி உதவாது. பேசாமல் காதைக் கொடுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் கருவி எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்பதே முதலில் கேட்கப்பட வேண்டியது. இதைச் சந்தையில் உள்ள சில கருவிகளை வைத்தே விளக்க விரும்புகிறேன்.

குறைந்த திறனில் இயங்குவதை அமெச்சூர்கள் க்யூ.ஆர்.பி. என்பார்கள். மோர்ஸ் முறையில் 5 வாட், குரல் முறையில் 10 வாட் என்பது நெடுங்காலமாக ஏற்கப்பட்ட எல்லை. வீட்டில் வைத்திருக்கும் வழக்கமான சிற்றலைக் கருவி 100 வாட் கொடுக்கும். 100 வாட்டிலிருந்து 5 வாட்டுக்கு இறங்கினால் இருபதில் ஒரு பங்குதானே மிஞ்சுகிறது என்று புதியவர்கள் அஞ்சுகிறார்கள். அதை டெசிபெல் கணக்கில் பார்த்தால் வேறுபாடு 13 மட்டுமே. மறுமுனையில் இருப்பவரின் எஸ்-மீட்டரில் (குறியின் வலிமையைக் காட்டும் மானியில்) ஒவ்வொரு படியும் 6 டெசிபெல் என்பதால், 9-ஆம் படியில் தெரிந்த நிலையம் ஏறத்தாழ 7-ஆம் படியில் தெரியும். இரைச்சல் குறைவாக இருக்கும் இடத்தில் இது தெளிவாகக் கேட்கக்கூடிய அளவு. அதே காரணத்தால், 5 வாட் கருவியை விடுத்து 10 வாட் கருவியை வாங்குவதால் கிடைப்பது 3 டெசிபெல், அதாவது அரைப் படிதான். இந்த அரைப் படிக்காகக் கூடுதலாகச் செலவழிக்கும் பணத்தை நல்ல கம்பியிலும் இன்னொரு பேட்டரியிலும் போடுவது பலமடங்கு பயன் தரும் என்பது என் உறுதியான கருத்து.

தமிழ்நாட்டின் நிலவியலும் இதற்குத் துணை நிற்கிறது. புயலோ வெள்ளமோ வரும்போது நமக்குத் தேவைப்படுவது கடல் கடந்த தொடர்பன்று. நாகப்பட்டினத்திலிருந்து சென்னைக்கு, வேதாரண்யத்திலிருந்து மதுரைக்கு, தூத்துக்குடியிலிருந்து மதுரைக்கு என்ற 100 முதல் 300 கிலோமீட்டர் தொலைவுதான். நாகையிலிருந்து சென்னை வான்வழியாக ஏறத்தாழ 260 கிலோமீட்டர். கையில் பிடிக்கும் வி.எச்.எஃப். வாக்கிடாக்கிகளால், குறியை வாங்கி மீண்டும் அனுப்பும் ரிப்பீட்டர் நிலையம் இல்லாமல் இந்தத் தொலைவை எட்ட முடியாது. சமவெளியில் அவை சில கிலோமீட்டரோடு நின்றுவிடும், ரிப்பீட்டருக்கும் மின்சாரம் வேண்டும். ஆனால் 7000 முதல் 7200 கிலோஹெர்ட்ஸ் வரை உள்ள 40 மீட்டர் பேண்டில் (அலைப்பட்டையில்), தரையிலிருந்து மூன்று நான்கு மீட்டர் உயரத்தில் ஒரு டைபோல் கம்பியை, அதாவது நடுவிலிருந்து இரு பக்கமும் நீளும் ஆன்டெனாவைக் கட்டினால், அலை ஏறத்தாழ நேராக மேலே சென்று அயனி மண்டலத்தில் பட்டு, சுற்றிலும் 300, 400 கிலோமீட்டர் பரப்பில் மழைபோல் இறங்கும். மலையோ கட்டடமோ குறுக்கே நிற்க முடியாது.

இந்த முறை நம் பகுதியில் பகல் நேரத்தில் சிறப்பாக வேலை செய்வதற்கு ஒரு காரணம் உண்டு. புவியின் காந்த நடுக்கோடு தென் தமிழ்நாட்டையும் கேரளத்தின் தென்கோடியையும் ஒட்டிச் செல்கிறது. 1963-இல் தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைந்ததற்கும், திருநெல்வேலியில் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருப்பதற்கும் அதுவே காரணம். இந்தப் பட்டையில் பகலில் அயனி மண்டலம் வலுவாக இருப்பதால், 7 மெகாஹெர்ட்ஸ் அலையைச் செங்குத்தாக அனுப்பினாலும் பெரும்பாலான நாட்களில் அது திரும்பி வருகிறது. நள்ளிரவைத் தாண்டி விடியலை நெருங்கும்போது அந்த வலு குறையும். அப்போது அதிர்வெண் இன்னும் குறைந்த 80 மீட்டர் பேண்டுக்கு இறங்க வேண்டியிருக்கும். ஆகவே களக்கருவியில் 40, 80 ஆகிய இரண்டு பேண்டுகளும் இருப்பது நமக்குக் கட்டாயம். மற்றவை இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் குறையில்லை. வெளிநாட்டு விமரிசனங்களில் மலையுச்சியிலிருந்து தொலைதூர நாடுகளைப் பிடிப்பதற்காக 20 மீட்டர் பேண்டை முன்வைத்துக் கருவிகளை மதிப்பிடுவார்கள். அந்த மதிப்பெண்களை அப்படியே எடுத்துக்கொண்டு இங்கே வாங்கக் கூடாது.

இனி மின்சாரக் கணக்குக்கு வருகிறேன். ஒரு பேரிடர் நிலையம் 12 மணி நேரம் திறந்திருக்கிறது என்று கொள்வோம். அதில் பேசுவது பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்காது. மீதி ஏறத்தாழ 11 மணி நேரமும் யாராவது அழைக்கிறார்களா என்று கேட்டுக்கொண்டிருப்பதுதான் வேலை. தயாரிப்பாளர்கள் தரும் அளவுகளின்படி யாயேசு நிறுவனத்தின் எஃப்.டி.-818 கேட்கும்போது 450 மில்லி ஆம்பியர் வரை எடுக்கும். அமெரிக்காவின் எலிகிராஃப்ட் கே.எக்ஸ்.2 எடுப்பது ஏறத்தாழ 135. ரஷ்யப் பொறியாளர்கள் வடிவமைத்த லேப்599 டிஸ்கவரி டி.எக்ஸ்.-500 எடுப்பது 110 அளவில். சீனத் தயாரிப்பான ஷியேகு எக்ஸ்6100 ஏறத்தாழ 550 வரை செல்லும். 11 மணி நேரத்துக்குப் பெருக்கிப் பாருங்கள்: கேட்பதற்கு மட்டுமே எஃப்.டி.-818-க்கு 5 ஆம்பியர்-மணி, எக்ஸ்6100-க்கு 6 ஆம்பியர்-மணி தேவைப்படும்போது, கே.எக்ஸ்.2 ஒன்றரையிலும் டி.எக்ஸ்.-500 அதைவிடக் குறைவிலும் முடித்துக்கொள்கின்றன. பேசுவதற்கான செலவு எல்லாவற்றுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஏனெனில் 5 வாட் வெளியேற்ற எந்தக் கருவிக்கும் ஓர் ஆம்பியர், இரண்டு ஆம்பியர் வேண்டும். வேறுபாடு முழுவதும் கேட்பதில் இருக்கிறது. ஒரு கருவியோடு தோளில் ஒரு பேட்டரி போதும், இன்னொன்றோடு மூன்று பேட்டரி தூக்க வேண்டும் என்றால், இரண்டின் எடையையும் பெட்டியில் அச்சிட்டிருப்பதை வைத்து ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

எஃப்.டி.-818 பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பழைய சந்தையில் மாணவர்கள் கைக்கு எட்டுவது பெரும்பாலும் அதுவும் அதன் முன்னோடியான எஃப்.டி.-817-உம்தான். 817 வெளிவந்தது 2000-ஆம் ஆண்டு வாக்கில். 818 வந்தது 2018-இல். 2022-ஆம் ஆண்டின் இறுதியில் உற்பத்தி நிறுத்தப்படுவதாக அறிவித்துவிட்டார்கள். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரே வடிவில் ஒரு கருவி நீடித்ததே அதன் தகுதிக்குச் சான்று. 160 மீட்டரிலிருந்து 70 சென்டிமீட்டர் வரை சிற்றலை, வி.எச்.எஃப்., யு.எச்.எஃப். மூன்றும் ஒரே பெட்டியில் இருக்கின்றன. முன்பக்கம் ஒரு பி.என்.சி. இணைப்பும் பின்பக்கம் ஒரு பெரிய இணைப்பும் உண்டு. எந்தப் பேண்டுக்கு எந்த இணைப்பு என்பதை நாமே அமைத்துக்கொள்ளலாம். ஊருக்குள் இருக்கும் மீட்புக் குழுவோடு வி.எச்.எஃப்.-இலும், தலைநகரத்தோடு 40 மீட்டரிலும் மாறி மாறிப் பேச வேண்டிய நிலையத்துக்கு இந்த அமைப்பு மிகவும் வசதியானது. கடையில் கிடைக்கும் 8 ஏ.ஏ. பேட்டரிகளை உள்ளே போட்டும் ஓட்டலாம் என்பது, வேறு எல்லா மின்வழியும் அடைபட்டுப்போன நேரத்தில் பெரிய ஆறுதல். ஆனால் மேலே சொன்ன கேட்கும் செலவும், ஆன்டெனாவைக் கருவியோடு ஒத்துப்போகச் செய்யும் டியூனர் உள்ளே இல்லாததும், சின்னத் திரையில் பட்டியலுக்குள் பட்டியலாக மறைந்திருக்கும் அமைப்புகளும் அதன் குறைகள். தூங்காத கண்ணோடு இரவில் ஒருவர் அதை இயக்க வேண்டுமானால், முன்பே கைப்பழக்கம் ஆகியிருக்க வேண்டும்.

ஐகாம் ஐ.சி.-705 இன்று இளைஞர்கள் அதிகம் ஆசைப்படும் கருவி. 2020-இல் விற்பனைக்கு வந்தது. 4.3 அங்குலத் தொடுதிரையில் பேண்டு முழுவதும் எங்கே யார் பேசுகிறார்கள் என்பது அருவிபோல் ஓடும். ஜி.பி.எஸ்., புளூடூத், வைஃபை எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. கணினியோடு ஒரே யு.எஸ்.பி. கம்பியால் இணைத்தால் டிஜிட்டல் முறைகளுக்கு வேறு பெட்டி வேண்டாம். வி.எச்.எஃப்., யு.எச்.எஃப். பேண்டுகளும் உண்டு. குறியை வாங்கும் பகுதியான ஏற்பியின் தரமும் உயர்ந்தது. வெளி மின்சாரத்தில் 10 வாட், தன் சொந்த பேட்டரியில் 5 வாட் தரும். இத்தனை சிறப்பையும் ஒப்புக்கொண்டுதான் அதன் பேட்டரியைப் பார்க்கச் சொல்கிறேன். கூடவே வரும் பேட்டரி 7.4 வோல்ட், 1880 மில்லி ஆம்பியர்-மணி; அதாவது ஏறத்தாழ 14 வாட்-மணி. 13.8 வோல்ட்டில் 0.3 ஆம்பியர் அளவில் கேட்கும் செலவு இருப்பதால், வெறுமனே கேட்டுக்கொண்டிருந்தாலே மூன்று, மூன்றரை மணி நேரத்தில் அது தீரும் என்பது எளிய கணக்கு. கே.எக்ஸ்.2-க்கான உள் பேட்டரி 11 வோல்ட் அளவில் 2.6 ஆம்பியர்-மணி, அது ஏறத்தாழ 28 வாட்-மணி. கேட்கும்போது கருவிக்கு ஒன்றரை வாட் போதும். அதனால் பகல் முழுவதும் கேட்டு, இடையிடையே பேசி, மாலையிலும் மிச்சம் இருக்கும். திரையின் ஒளியைக் குறைத்தோ அணைத்தோ வைத்தால் 705-உம் கொஞ்சம் நீடிக்கும். ஆனால் அந்தத் திரைக்காகத்தானே கூடுதல் பணம் கொடுத்தோம்?

தொடுதிரையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் பேரிடர்கள் பெரும்பாலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழையோடு வருபவை. ஈரக்கையும் தொடுதிரையும் ஒத்துப்போவதில்லை. திரையில் நான்கு துளி விழுந்தாலே அது தொடுகையைத் தவறாகப் புரிந்துகொள்ளும். பொத்தானும் திருகு குமிழும் உள்ள கருவியை, ஒளி புகும் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டிவிட்டு, பைக்கு வெளியிலிருந்தே இயக்க முடியும். இந்த விஷயத்தில் டி.எக்ஸ்.-500-க்கு நிகர் இல்லை. அலுமினியக் கூட்டுக்குள் தண்ணீர் புகாதபடி மூடி, அரைக் கிலோவுக்குச் சற்றே கூடுதலான எடையில் செய்திருக்கிறார்கள். வெயிலில் தெளிவாகத் தெரியும் கறுப்பு வெள்ளைத் திரை அதற்கு உண்டு. அது மின்சாரத்தையும் குறைவாக எடுக்கிறது. அதன் குறை இணைப்புகளில் இருக்கிறது. ஆன்டெனாவுக்கானது தவிர மற்றவை வட்ட வடிவத் திருகு இணைப்புகள். கம்பி ஒன்று போனால் ஊர்க்கடையில் மாற்று கிடைக்காது, முன்பே இரட்டையாகச் செய்து வைத்துக்கொள்ள வேண்டும். உள் பேட்டரியும் டியூனரும் இல்லை.

கே.எக்ஸ்.2 பற்றி மேலே பல இடங்களில் சொல்லிவிட்டேன். 2016-இல் வந்தது, 80 முதல் 10 மீட்டர் வரை, பேட்டரி இல்லாமல் 370 கிராம் மட்டுமே. டியூனரைத் தனியே வாங்கி உள்ளே பொருத்தலாம், வாங்குவதாக இருந்தால் அதை விடவே கூடாது. அதே நிறுவனத்தின் கே.எக்ஸ்.3 அதற்கு நான்கு ஆண்டுகள் மூத்தது, சற்றுப் பெரியது, அதன் ஏற்பி, வலுவான நிலையங்களுக்கு நடுவே மெல்லிய குரலைப் பிரித்தெடுப்பதில் மிகச் சிறந்தவற்றின் வரிசையில் வைக்கப்படுவது. களக்கூடத்தில் இரண்டு மூன்று நிலையங்கள் பக்கத்துப் பக்கத்தில் இயங்க நேரும்போது இந்தத் திறனின் அருமை புரியும். இரண்டுமே மழைக்கு மூடப்பட்டவை அல்ல. விலையும் நம் மாணவர்களுக்கு எட்டாத உயரம். இறக்குமதிச் செலவு தனி. ஒரு மன்றமோ கல்லூரியோ சேர்ந்து வாங்கும் கருவிகளாகவே இவற்றைக் கருத வேண்டும்.

ஷியேகு எக்ஸ்6100-ஐ நான் முற்றிலும் ஒதுக்கவில்லை. உள்ளேயே டியூனர், உள்ளேயே பேட்டரி, வண்ணத் திரை, இவை மூன்றும் இந்த விலையில் வேறெங்கும் கிடைப்பது அரிது. எலிகிராஃப்ட் ஏற்பியின் தாங்குதிறன் இதில் இராது. கேட்கும் செலவும் மிகுதி. காரில் கொண்டுபோய் கார் பேட்டரியில் இணைத்து இயக்கும் குழுவுக்கு அந்தக் குறை பெரிதாகத் தெரியாது. 2004 சுனாமியின்போது இலங்கையின் அமெச்சூர் வானொலிச் சங்கத்தினர் சிற்றலைக் கருவியையும் கார் பேட்டரியையும் கொண்டுபோய்த்தான் அம்பாந்தோட்டைக்கும் கொழும்புக்கும் இடையே தொடர்பு ஏற்படுத்தினார்கள். அதே நாட்களில் அந்தமானில் அமெச்சூர் பயணக் குழுவோடு இருந்த பாரதி பிரசாத் போர்ட் பிளேரிலிருந்து செய்திகளை அனுப்பினார். அங்கெல்லாம் கருவியின் எடையை யாரும் பார்க்கவில்லை. ஓட வழி இருந்தால் போதும் என்ற நிலை. ஆனால் 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, திருவைகுண்டம் ரயில் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ரயில் நின்றுபோனபோது, சாலைகள் அறுந்திருந்தன. கார் போக முடியாத இடத்துக்கு முழங்கால் தண்ணீரில் நடந்தோ படகிலோ போகிறவர் முதுகில் என்ன இருக்க வேண்டும் என்பதுதான் நம் கேள்வி.

கட்டிமுடிக்கப்பட்ட கருவிகளை மட்டும் பேசிவிட்டு, நாமே கட்டிக்கொள்ளும் கருவிகளை விட்டுவிட்டால் ஒப்பீடு முழுமை பெறாது. ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் 2000-களின் தொடக்கத்தில் வடிவமைத்து, வரைபடத்தை யாவருக்கும் இலவசமாக வெளியிட்ட பிட்எக்ஸ் டிரான்ஸீவரை உலகெங்கும் அமெச்சூர்கள் கட்டியிருக்கிறார்கள். இந்தியக் கடைத்தெருவில் கிடைக்கும் சாதாரண டிரான்சிஸ்டர்களைக் கொண்டே அது இயங்கும். அலைவு உண்டாக்கும் சுருளைத் தண்ணீர்க் குழாயில் போடும் நைலான் வாஷர் மீதே சுற்றச் சொல்லியிருந்தார். பின்னர் அவரது பிட்எக்ஸ்40, மைக்ரோபிட்எக்ஸ் ஆகியவை தயார்ப் பலகைகளாகவே வந்தன. எலிகிராஃப்டின் நுணுக்கமோ ஐகாமின் திரையோ அவற்றில் இல்லை. ஆனால் இறுதிநிலை டிரான்சிஸ்டர் எரிந்துபோனால் அதே ஐ.ஆர்.எஃப்.510-ஐ மின்னணுப் பாகங்கள் விற்கும் எந்தக் கடையிலும் வாங்கிப் பற்றவைத்து அன்றைக்கே மீண்டும் பேசலாம். களத்தில் பழுது பார்க்கக்கூடிய தன்மையை எந்த ஒப்பீட்டு அட்டவணையிலும் நான் பார்த்ததில்லை. அதற்கு ஒரு தனி வரி இருந்தாக வேண்டும். மாணவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது இந்த வகைதான். கட்டியவருக்குத் தன் கருவியின் ஒவ்வொரு சுருளும் தெரியும்.

மோர்ஸ் கற்றவர்களுக்கு இன்னும் சிக்கனமான வழி உண்டு. க்யூ.ஆர்.பி. லேப்ஸ் நிறுவனத்தின் க்யூ.எம்.எக்ஸ். 2023-இல், முதலில் மோர்ஸுக்கும் டிஜிட்டல் முறைகளுக்கும் மட்டுமாக வந்தது. உள்ளங்கையில் அடங்கும், 80 முதல் 20 மீட்டர் வரை 5 வாட் தரும், கேட்பதற்கு 100 மில்லி ஆம்பியருக்கும் குறைவே போதும். இதில் ஓர் எச்சரிக்கை. இத்தகைய குறுங்கருவிகள் 9 அல்லது 12 வோல்ட்டுக்கென்று கணக்கிட்டுக் கட்டப்படுபவை. முழுதாக மின்னேற்றிய நான்கு செல் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி 14 வோல்ட்டைத் தாண்டும். அதை நேரடியாக இணைத்தால் இறுதிநிலை டிரான்சிஸ்டர்கள் ஒரு நொடியில் போய்விடக்கூடும். 13.8 வோல்ட்டுக்கென்று செய்த யாயேசு, ஐகாம் கருவிகளுக்கு அதே பேட்டரி மிகப் பொருத்தமானது. பேட்டரியையும் கருவியையும் தனித்தனியே ஒப்பிட்டு வாங்காமல், இரண்டையும் ஒரே பொருளாகக் கருதி வாங்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

மோர்ஸின் பக்கம் நான் சாய்வதற்குப் பழமைப் பற்று காரணமன்று. பருவமழைக் காலத்தில் 40, 80 மீட்டர் பேண்டுகளில் இடிமின்னலின் வெடியொலி ஓயாது கேட்கும். 5 வாட் குரல் அதற்குள் அமிழ்ந்துபோகும் நேரங்களில், குறுகிய அலைப்பட்டையில் செல்லும் மோர்ஸ் ஒலி காதுக்குத் தனித்துத் தெரியும். நோபல் பரிசு பெற்ற வானியலாளர் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கியும் 2017-இல் உருவாக்கிய எஃப்.டி.8 என்ற டிஜிட்டல் முறை, காதுக்கே எட்டாத குறிகளையும் கணினியால் படித்துவிடும். ஆயினும் அது அழைப்புக்குறி, இடம், குறியின் வலிமை போன்ற மிகச் சுருக்கமான செய்திகளுக்கென்றே ஆனது; மருந்துப் பட்டியலை அதில் அனுப்ப இயலாது. மடிக்கணினி ஒன்றைக் கூடவே ஓட்ட வேண்டியிருப்பதால், கருவியில் மிச்சம் பிடித்த மின்சாரமெல்லாம் அதற்கே போய்விடும் என்பதும் கவனத்தில் இருக்கட்டும்.

டியூனர் உள்ளே இருக்கிறதா என்பதற்கு நான் ஏன் இவ்வளவு இடம் கொடுக்கிறேன் என்று சிலர் கேட்கலாம். 7.1 மெகாஹெர்ட்ஸுக்கு அளந்து வெட்டிய டைபோல் மொத்தம் 20 மீட்டர் நீளம், அதாவது பக்கத்துக்கு 10 மீட்டர். திறந்த வெளியில் அதை நேராகக் கட்டினால் டியூனரே வேண்டாம். ஆனால் நிவாரண முகாமாகிவிட்ட பள்ளிக்கூடத்தின் மொட்டை மாடியில், ஒரு முனை தண்ணீர்த் தொட்டியிலும் மறுமுனை கைப்பிடிச் சுவரிலுமாக வளைத்துக் கட்ட நேரும்போது, பக்கத்தில் இருக்கும் இரும்புக் கம்பிகள் அதன் ஒத்திசைவை மாற்றிவிடும். சின்னக் கருவிகள், ஒத்துப்போகாத கம்பியிலிருந்து திரும்பி வரும் அலையைக் கண்டதும் தம்மைக் காத்துக்கொள்ளத் திறனைக் குறைத்துக்கொள்கின்றன. 5 வாட் என்று நினைத்து நாம் ஒரு வாட்டில் கத்திக்கொண்டிருப்போம். டியூனர் அந்த நிலையைச் சமாளிக்கும். 80 மீட்டருக்கு இறங்கும்போது அதே 20 மீட்டர்க் கம்பியை எப்படியாவது ஏற்கச் செய்யவும் அதுவே வழி. கம்பியைத் தூக்கி நிறுத்தக் கழியும் நம் கையில் இருக்க வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது டெல்டா முழுவதும் தென்னைகள் வேரோடு சாய்ந்தன. கம்பி கட்ட மரத்தை நம்பிப் போகிறவருக்கு அங்கே ஒரு மரமும் நின்றிருக்காது. மடக்கி நீட்டக்கூடிய ஃபைபர் மீன்பிடிக் கழி ஒன்று, ஒரு கிலோவுக்கு உட்பட்ட எடையில், ஆறேழு மீட்டர் உயரம் தரும். நடுவில் அதை நிறுத்தி இரு பக்கமும் கம்பியைச் சரித்து இறக்கினால், 300 கிலோமீட்டருக்குள் பேச அது தாராளமாகப் போதும்.

எல்லாவற்றையும் எடைபோட்டு, பணம் ஒரு தடையில்லை என்றால் எதை எடுப்பாய் என்று கேட்டால், நடந்து போகும் ஒருவருக்கு டியூனரோடு கூடிய கே.எக்ஸ்.2-ஐயும், மழையில் திறந்த வெளியில் நிற்கப் போகிறவருக்கு டி.எக்ஸ்.-500-ஐயும், மாவட்ட ஆட்சியர் அலுவலகம் போன்ற கூரையுள்ள இடத்தில் மேசைமேல் வைத்துப் பலருடன் பல பேண்டுகளில் பேச வேண்டிய நிலையத்துக்கு ஐ.சி.-705-ஐயும் சொல்வேன். பணம் தடையாகி, கருவியைத் தாமே கட்டவும் இயலாதவர்களுக்கு, பழைய எஃப்.டி.-817 ஒன்றைத் தேடிப் பிடித்து 6 ஆம்பியர்-மணி பேட்டரி ஒன்றைச் சேர்த்துக்கொள்வதை, புதிதாக வந்த பளபளப்பான கருவிகளுக்கு மேலாக வைப்பேன். 20 வாட் தரும், டியூனரும் உள்ள ஷியேகு ஜி90-ஐப் பலர் இந்த வரிசையில் சேர்ப்பார்கள். கேட்கும்போதே அரை ஆம்பியர் எடுக்கும் அதை வீட்டுக்கும் காருக்கும் உரிய நல்ல கருவி என்றே நான் வகைப்படுத்துவேன்.

இக்கருவிகளில் எதையும் உரிமம் இல்லாமல் இயக்கக் கூடாது என்பதை மாணவர்கள் மறந்துவிடலாகாது. மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் கம்பியில்லாத் திட்டமிடல் பிரிவு நடத்தும் தேர்வில் தேறி, அழைப்புக்குறி பெற்ற பிறகே வெளிநாட்டுக் கருவிகளை வரவழைப்பது பற்றி யோசிக்க வேண்டும். அதற்குரிய அனுமதிகளையும் சுங்க நடைமுறைகளையும் முன்கூட்டியே விசாரித்துவிடுவது நல்லது. தேர்வுக்குப் படிக்கும் மாதங்களில் பொதுச் சிற்றலை வானொலிப் பெட்டி ஒன்றால் 40 மீட்டர் பேண்டைக் கேட்டுப் பழகலாம். அதற்கு, அமெச்சூர்கள் பேசும் எஸ்.எஸ்.பி. முறைக் குரலைப் பிரிக்கும் வசதி அந்தப் பெட்டியில் இருக்க வேண்டும்.

கருவிகளை நேரில் பார்க்காமல் அளவுப் பட்டியலை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். எங்கள் பகுதி உரிமதாரர்களிடம் மேலே குறிப்பிட்டவற்றில் பெரும்பாலானவை இருக்கின்றன. கல்லூரி மன்றங்களோ தன்னார்வ அமைப்புகளோ பருவமழைக்கு முன்பாக ஒரு நாளை ஒதுக்கினால், ஒரே கழியில் ஒரே கம்பியைக் கட்டி, ஒவ்வொரு கருவியையும் மாற்றி மாற்றி இணைத்து, பேட்டரிக்கும் கருவிக்கும் நடுவே ஆம்பியர் மானியை வைத்து அளந்து காட்ட நாங்கள் தயாராக இருக்கிறோம். அப்படி ஓர் ஏற்பாட்டைச் செய்ய விரும்பும் அமைப்புகளின் கடிதங்கள் தங்கள் அலுவலகத்துக்கு வந்தால், அவற்றை எங்களுக்கு அனுப்பி உதவுமாறு வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
அமெச்சூர் வானொலி உரிமதாரர்,
திருநெல்வேலி மாவட்டம்.